ஆகாயத்தில் ஒரு தனியறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெடுந்தூர விமானங்களின் முதல் வகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் பயணச்சீட்டு விற்றவன் நான். அந்த வகுப்பில் நானே பறந்தது நான்கு முறை மட்டும். நான்கும், பறப்பதற்குப் பரிசாக விமான நிறுவனங்கள் தரும் 'மைல்' புள்ளிகளைச் சேர்த்துவைத்த புண்ணியம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் என் மகன், எங்கள் இருவரையும் துபாய் வழியாக முதல் வகுப்பில் அழைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். பிசினஸ் வகுப்பிலேயே இருக்கை படுக்கையாகிவிடும் என்று கேள்விப்படுகிறேன். பிறகு எதற்கு இந்தக் கூடுதல் செலவு?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கும்பகோணம்)

முப்பது ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, அம்மா. அகலமான சாய்வு நாற்காலிதான் முதல் வகுப்பு என்றிருந்த காலத்தில், 1990-களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முழுக்கத் தட்டையாகும் படுக்கையை அங்கே கொண்டுவந்தது. 2000-இல் அதே நிறுவனம் பிசினஸ் வகுப்புக்கும் படுக்கையைக் கொடுத்துவிட்டது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். படுக்கை பொதுச் சொத்தாகிவிட்ட பிறகு, முதல் வகுப்பு தன் விலைக்கு வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று.

கதவு வைத்த அறை, அகலமான மெத்தை, விலையுயர்ந்த ஷாம்பெயின் என்று விளம்பரங்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் கண்ட வரையில் அசல் வேறுபாடு வேளையில் இருக்கிறது. துபாய் நிறுவனமான எமிரேட்ஸின் இரண்டு தள ஏ380 விமானத்தில் மேல்தளத்தின் முன்பகுதியில் 14 முதல் வகுப்பு அறைகளும், அவற்றுக்குப் பின்னால் 76 பிசினஸ் இருக்கைகளும் இருக்கின்றன. எழுபத்தாறு பேருக்குப் பரிமாறுவது எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அது ஒரு பந்திதான். இலை போட்டால் உட்கார வேண்டும், விளக்கை அணைத்தால் படுக்க வேண்டும். பதினான்கு பேர் மட்டும் இருக்கும் இடத்திலோ, உங்களுக்குப் பசிக்கும்போது அடுப்பு சூடாகிறது. ஏறியதும் தூங்கிவிட்டு எட்டு மணி நேரம் கழித்து எழுந்து, "இப்போது இரவுச் சாப்பாடு கிடைக்குமா?" என்று நீங்கள் கேட்டாலும் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள், மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, முதல் தட்டிலிருந்து தொடங்குவார்கள். துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஏறக்குறைய பதினாறு மணி நேரம். உங்கள் உடம்பு அந்நேரம் முழுவதும் கும்பகோணத்துக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால், அதன் போக்கில் உண்டு உறங்க முடிவது எழுபது வயதில் சிறிய வசதி அல்ல.

மகன் முழுப் பயணத்துக்கும் ஒரே வகுப்பில் எடுத்திருந்தால் மாற்றச் சொல்ல வேண்டாம். தனித்தனியாக எடுப்பதாக இருந்தால், சென்னையிலிருந்து துபாய் வரையிலான நான்கு மணி நேரத்துக்குப் பிசினஸ் வகுப்பே தாராளம்.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆண்டுக்கு ஐந்தாறு முறை செல்கிறேன். ஒரு முறையாவது முதல் வகுப்பில் செல்ல ஆசை. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது?
(பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்)

நிறுவனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விமானத்தைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரு விமானத்தில் முதல் வகுப்பு இருக்கும், மற்றொன்றில் இருக்காது; இருப்பவற்றிலும் பழைய அறை, புதிய அறை என்று இரண்டு தலைமுறைகள் பறந்துகொண்டிருக்கும். பதிவு செய்யும்போது விமான வகையையும் இருக்கை வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இடைநில்லாமல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் முதல் வகுப்பே கிடையாது. பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும்தான். உலகின் மிக நீண்ட பயணத்தில்தான் முதல் வகுப்பு அதிகம் தேவைப்படும் என்று நாம் நினைக்கிறோம். அவ்வளவு தூரத்துக்கான எரிபொருளைச் சுமக்கிற விமானத்தில் எடைக்கும் இடத்துக்கும் வேறு கணக்கு.

அதே நிறுவனத்தின் ஏ380-இல் இருக்கும் 'சூட்ஸ்' என்ற முதல் வகுப்பு வேறு உலகம். 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு ஏ380-இன் முதல் வணிகப் பயணம் நடந்தபோதே கதவு வைத்த 12 அறைகள் அதில் இருந்தன. 2017-இல் புதிதாக வடிவமைத்தபோது பன்னிரண்டை ஆறாகக் குறைத்து மேல்தளத்துக்கு ஏற்றினார்கள். அங்கே நாற்காலி தனி, கட்டில் தனி. உட்கார்ந்த இடத்தையே மடக்கிப் படுக்கையாக்கும் வேலை இல்லாததால், படுக்கையை விரித்து வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். கணவனும் மனைவியும் போனால், சில அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பை இறக்கி இரட்டைக் கட்டிலாக்கித் தருவார்கள்.

எமிரேட்ஸின் 777 விமானங்களில் சிலவற்றில் 2017-இல் அறிமுகமான, தரையிலிருந்து கூரைவரை முழுதாக மூடிய ஆறு அறைகள் இருக்கின்றன. நடுவரிசை அறைக்கு ஜன்னல் கிடையாது என்பதால், வெளியே உள்ள காமிராக்கள் காட்டும் வானத்தை ஜன்னல் வடிவத் திரைகளில் ஓடவிடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் போலி ஜன்னல் என்று தெரிகிறது, பிறகு மறந்துவிடுகிறது. ஏர் பிரான்ஸின் முதல் வகுப்பான 'லா பிரீமியர்' ஒரு விமானத்துக்கு நான்கே இருக்கைகள். சாப்பாட்டுக்காகவே அதில் போகிறவர்கள் உண்டு.

நீங்கள் ஐரோப்பா போகிறவர் என்பதால் ஃப்ராங்ஃபர்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். லுஃப்தான்சா 2004-இல் அங்கே முதல் வகுப்புப் பயணிகளுக்கென்றே ஒரு தனிக் கட்டடம் திறந்தது. பாதுகாப்புச் சோதனையும் பாஸ்போர்ட் முத்திரையும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். உள்ளே உணவகமும் குளியல் தொட்டியும் இருக்கின்றன. தொட்டிக்குக் கொடுக்கும் ரப்பர் வாத்துப் பொம்மையைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. புறப்படும் நேரம் வந்ததும் ஒருவர் வந்து அழைத்து, காரில் ஏற்றி, ஓடுதளப் பக்கமாகவே ஓட்டிச்சென்று விமானத்தின் அடியில் இறக்கிவிடுகிறார். விமானத்துக்குள் கிடைக்கும் சொகுசைவிட, வரிசை என்ற ஒன்றே இல்லாத அந்த ஒரு மணி நேரம் பெரிது என்று சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன்.

உங்கள் கணக்காளருக்கு ஒரு செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு மேற்பட்ட வகுப்புகளின் பயணச்சீட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், எகானமிக்கு 5 சதவீதம்தான்.

விமானத்துக்குள் குளிக்க முடியுமாமே, உண்மையா?
(கல்லூரி மாணவர், சேலம்)

உண்மை. எமிரேட்ஸ் 2008-இல் தன் முதல் ஏ380-ஐ இயக்கத் தொடங்கியபோதே முதல் வகுப்பில் இரண்டு குளியலறைகளை வைத்தது. ஏறியதும் பணிப்பெண் வந்து எத்தனை மணிக்குக் குளிக்க விருப்பம் என்று கேட்டு எழுதிக்கொள்வார். உள்ளே இருப்பதற்கு அரை மணி நேரம் உண்டு, ஆனால் தண்ணீர் ஓடுவது ஐந்தே நிமிடம். நிறுத்தி நிறுத்தித் திறக்கலாம்.

நான் குளித்த அனுபவத்தைச் சொல்கிறேன். தரை வெதுவெதுப்பாக இருந்தது. துண்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நம் வீட்டுக் குளியலறைகள் பலவற்றைவிட அந்த அறை பெரிது. நீர் திறந்ததும் சுவரில் ஒரு பச்சை விளக்குக் கோடு எரியத் தொடங்கியது. நீர் குறையக் குறைய அது இறங்கி, மஞ்சளாகி, கடைசியில் சிவப்பைத் தொடுகிறது. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் நிற்பதற்கு முன் குடத்தை நிரப்பி வளர்ந்த நான், பதற்றத்தில் இரண்டே நிமிடத்தில் சோப்பைக் கழுவி முடித்துவிட்டேன். மிச்சமிருந்த மூன்று நிமிடமும் சும்மா நின்றபடி, நாற்பதாயிரம் அடி உயரத்தில் தலையில் வெந்நீர் விழுவதை அனுபவித்தேன். அந்த மூன்று நிமிடத்துக்கு நான் கொடுத்த மைல்கள் தகும்.

ஏ380 சென்னைக்கு வாடிக்கையாக வருவதில்லை. எமிரேட்ஸின் ஏ380 மும்பைக்கும், 2022 அக்டோபரிலிருந்து பெங்களூருக்கும் வருகிறது. அந்த விமானத்தின் உற்பத்தியே 2021-இல் நின்றுவிட்டது. குளிக்க நினைப்பவர்கள் அதிகக் காலம் தள்ளிப்போட வேண்டாம்.

நாங்கள் சுத்த சைவம். வெங்காயம் பூண்டுகூடச் சில நாட்களில் சேர்ப்பதில்லை. முதல் வகுப்பின் சாப்பாட்டால் எங்களுக்கு என்ன பயன்?
(வாசகி, மதுரை)

பயன் உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான். இந்தியச் சைவ உணவுக்கு விமானத் துறையின் குறியீடு ஏ.வி.எம்.எல்.; கோடம்பாக்கத்து ஸ்டுடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் இல்லாத ஜைன உணவுக்கு வி.ஜே.எம்.எல். புறப்படுவதற்கு ஒரு நாளாவது முன்னதாகப் பதிந்துவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 'புக் த குக்' என்ற ஏற்பாடு இருக்கிறது. நீண்ட பட்டியலிலிருந்து உங்களுக்கு வேண்டிய உணவை முன்பே தேர்ந்தெடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: சிறப்பு உணவைப் பதிந்தால் உங்கள் பெயருக்கு அதுதான் ஏற்றப்படும். மெனு அட்டையில் உள்ள வேறொரு சைவப் பதார்த்தம் கண்ணைக் கவர்ந்தால், மிச்சமிருந்தால்தான் கிடைக்கும்.

ருசி பற்றியும் சொல்ல வேண்டும். 2010-இல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், லுஃப்தான்சாவுக்காக, ஒரு விமானத்தின் உடற்பகுதியையே தாழ்வழுத்தக் குழாய்க்குள் வைத்து, அதற்குள் ஆட்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் நாக்குக்கு வெகுவாகக் குறைந்து தெரிந்தன; புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறையவில்லை. தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள்கூட மேலே போனதும் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பதன் காரணமும் இதை ஒட்டியதுதான். பொருள் என்னவென்றால், உயரத்தில் நன்றாக இருப்பது நம் சமையல்! கேவியரும் கிரீம் சாஸும் சப்பென்று போகும் இடத்தில் தக்காளி ரசமும் புளிக்குழம்பும் தலைநிமிர்ந்து நிற்கும். ரத்தக் கொதிப்பு இல்லாவிட்டால் எலுமிச்சை ஊறுகாய் ஒரு சிறு பாக்கெட் கைப்பையில் இருக்கட்டும். முதல் வகுப்பில் ஊறுகாய் தொட்டுக்கொள்ளக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எண்ணெய் கசியாதபடி கட்டிக்கொள்ளுங்கள், பாதுகாப்புச் சோதனையில் திரவத்துக்கான அளவையும் மனத்தில் வையுங்கள்.

கோட்டு சூட்டு அணிந்து கவுன்டரில் பணிவாகக் கேட்டால் இலவசமாக முதல் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள் என்கிறார்களே?
(வாசகர், நாகர்கோவில்)

இருபத்தாறு ஆண்டுகளில் நான் ஒரு முறையும் பார்த்ததில்லை. இருக்கைக்கு மேல் ஆட்களுக்குச் சீட்டு விற்றுவிட்டால் சிலரை மேல்வகுப்புக்கு ஏற்றுவது உண்டு. அப்போதும் கணினி பார்ப்பது அந்த நிறுவனத்தோடு உங்களுக்குள்ள பழைய உறவைத்தான், கோட்டை அல்ல. அதுவும் பெரும்பாலும் ஒரு படிதான். எகானமியிலிருந்து பிசினஸ் வரை. முதல் வகுப்பு காலியாகவே பறந்தாலும் பறக்கும்.

உண்மையான குறுக்குவழி மைல்கள்தான். ரொக்கமாகக் கொடுத்தால் எகானமியைப் போலப் பல மடங்கு ஆகும் முதல் வகுப்புக்கு, மைல்களில் அவ்வளவு மடங்கு ஆவதில்லை. ஆகவே சேர்த்த மைல்களை உள்நாட்டுப் பயணங்களில் சில்லறையாகச் செலவழிக்காமல் மொத்தமாக ஒரு நீண்ட இரவுப் பயணத்துக்கு வைத்திருங்கள். வரியும் கூடுதல் கட்டணமும் தனியாகப் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். கூட்டணி நிறுவனங்களின் மைல்களுக்குத் தங்கள் முதல் வகுப்பைத் திறந்துவிடாத நிறுவனங்கள் உண்டு என்பதால், எந்த நிறுவனத்தில் பறக்க ஆசையோ அதன் திட்டத்திலேயே சேர்ப்பது நல்லது.

கொடுக்கிற பைஜாமாவை வீட்டுக்கு எடுத்து வரலாமா? போர்வை?
(வாசகி, கோலாலம்பூர்)

பைஜாமா, செருப்பு, வாசனைப் பொருட்கள் அடங்கிய சிறு பை ஆகியவை உங்களுக்கே. போர்வை அவர்களுக்கு.

எனக்கு வயது 68, கால் வீங்கும். படுத்துக்கொண்டே போனால் அந்தத் தொல்லை இருக்காதுதானே?
(வாசகர், அடையாறு, சென்னை)

குறையும், இல்லாமல் போகாது. கால் தொங்கிக்கொண்டிருப்பதுபோலவே, அசையாமல் கிடப்பதும் ரத்த ஓட்டத்துக்கு நல்லதல்ல. முதல் வகுப்பில் வேண்டியதெல்லாம் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுவதால், எகானமி பயணியைவிடக் குறைவாக எழுந்து நடக்கும் அபாயம் உங்களுக்கு இருக்கிறது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது எழுந்து இடைவழியில் நடந்துவிட்டு வாருங்கள். காலுறையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எவ்வளவு பணம் கொடுத்தாலும் காற்றில் முதல் வகுப்பு கிடையாது. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள குளிர்ச்சியான ஈரம் மட்டும் இங்கே இல்லை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. ஷாம்பெயின் இலவசம் என்பதற்காக எடுத்துக்கொண்டால், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கோப்பையும் இருக்கட்டும். படுக்கும்போது சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலாகக் கட்டுங்கள். குலுக்கல் வந்தால் பெல்ட்டைச் சரிபார்க்க உங்களை எழுப்ப வேண்டியிருக்காது.

பணியாளர்களுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?
(வாசகர், திருநெல்வேலி)

வேண்டாம். கொடுப்பது வழக்கமும் இல்லை. இறங்கிய பிறகு, அவர்கள் சட்டையில் அணிந்திருக்கும் பெயரைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு நான்கு வரி நன்றிக் கடிதம் அனுப்புங்கள். பணத்தைவிட அது அவர்களுக்கு உதவும்.

ஒரு மனிதர் காலை நீட்டுவதற்காக இவ்வளவு எரிபொருளை எரிப்பது நியாயம்தானா?
(பள்ளி ஆசிரியர், புதுச்சேரி)

கடினமான கேள்வி. உலக வங்கி 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, முதல் வகுப்புப் பயணி ஒருவரின் கரிமச் சுமை (அவர் பங்குக்கு வெளியாகும் கரியமில வாயு) எகானமி பயணியைப் போல ஒன்பது மடங்குவரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. காரணம் எளிது: ஆறு அறைகள் இருக்கும் இடத்தில் எத்தனை வரிசை இருக்கைகளைப் போட முடியும் என்று எண்ணிப் பாருங்கள். இதற்குப் பதிலாக நான் சொல்லக்கூடிய சமாதானம் எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும் அப்படியே பறப்பவருக்கும், எழுபது வயதில் ஒரு முறை மகனைப் பார்க்கப் போகும் கும்பகோணத்து அம்மாவுக்கும் ஒரே அளவுகோல் வைக்க எனக்கு மனம் வரவில்லை என்று மட்டும் சொல்வேன். பல நிறுவனங்கள் முதல் வகுப்பை எடுத்துவிட்டுப் பிசினஸுக்கே கதவு வைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதற்குக் காரணம் சுற்றுச்சூழல் அல்ல, வருமானக் கணக்கு.

இவ்வளவு பணம் கொடுத்து ஏறிய பிறகு இருக்கை வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது?
(வாசகர், ஈரோடு)

எனக்கே நடந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரவு உணவு முடிந்து படுக்கைக்கான பொத்தானை அழுத்தினேன். நாற்காலி பாதி தூரம் சாய்ந்து, ஒரு முனகலோடு நின்றுவிட்டது. பல் டாக்டரின் நாற்காலியில் கிடப்பதுபோல அரை மணி நேரம் கிடந்தேன். கூப்பிடக் கூச்சமாக இருந்தது. ஓசியில் வந்தவன்தானே என்ற எண்ணம். கடைசியில் தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணே என் நிலையைப் பார்த்துவிட்டு, தலைமைப் பணியாளரை அழைத்து வந்தார். அவர் மண்டியிட்டு, இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஏதோ ஒரு சிவப்பு நாடாவை இழுத்தார். இருக்கை தொப்பென்று தட்டையானது. அவரே மெத்தையை விரித்து, விளிம்புகளைச் செருகி, தலையணையை இரண்டு முறை தட்டிவைத்துவிட்டு, "காலையில் நிமிர்த்துவதற்கும் நான்தான் வர வேண்டும், நீங்கள் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே கூச்சப்படாதீர்கள். ஏறி உட்கார்ந்ததும், விமானம் நகர்வதற்கு முன்பே, பணியாளரிடம் சொல்லிவிட்டு இருக்கையை ஒரு முறை முழுக்கச் சாய்த்து நிமிர்த்திப் பாருங்கள். பழுதென்றால், காலியான வேறு இடம் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். நடுவானில் தெரிந்தால் பழுதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊர் வந்த ஒரு வாரத்துக்குள் கடிதம் எழுதினால் பல நிறுவனங்கள் மைல்களாகவாவது ஈடு தருகின்றன, எனக்கும் தந்தார்கள். கடிதத்தில் விமான எண், தேதி, இருக்கை எண் மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.